வண்டி இறங்கிய துறை

லண்டனில் பஸ் என்றால் சிவப்புதான். ஆனால் 2017 ஜூலைக் கடைசியில், ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, ஒன்பது வயது மருமகன் கேட்டது மஞ்சள் பஸ். "மாமா, அது ரோட்லயும் போகும், தண்ணிலயும் போகும். அம்மா கூட்டிட்டுப் போக மாட்டேங்கறா." அக்காவைப் பார்த்தேன். "எனக்கு பயம்டா. நீ வேணா போ," என்றாள்.

'லண்டன் ஐ' ராட்டினத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய தெருவில் ஏறினோம். பஸ் என்று சொன்னாலும் உடம்பு படகுதான். கூரிய மூக்கு, வளைந்த அடிவயிறு, கீழே ஆறு சக்கரங்கள், பின்னால் ஒரு உந்துவிசிறி. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், நாடாளுமன்றம், டிரஃபால்கர் சதுக்கம் என்று ஊரைச் சுற்றிவிட்டு, தென்கரையில் வாக்ஸ்ஹாலுக்கு வந்தது. அங்கே உளவுத்துறையான எம்.ஐ.6-இன் பெரிய பச்சை, மஞ்சள் கட்டிடம். அதன் மதிலை ஒட்டி, தெருவில் போகிறவர் கவனிக்காமலே கடந்துவிடக்கூடிய ஒரு சந்து, சரிந்து சரிந்து நேராக ஆற்றுக்குள் போகிறது. லாக்ஸ் டாக் என்று பெயர்.

வண்டி அதன் தலைமாட்டில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு இறங்கியது. முன்னால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து எழும்பியது. சக்கரத்தின் அதிர்வு நின்று, உடம்பு லேசாக ஆடத் தொடங்கியது. மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, முங்கிடுமா?"

"முங்காதுடா."

சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன்? அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவன் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தொடங்கியது, எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

அந்த வண்டியின் வம்சம் இரண்டாம் உலகப்போரில் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்திடம் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த இரண்டரை டன் லாரி இருந்தது. அதற்குப் படகின் உடம்பைப் போர்த்தினால் என்ன என்பதுதான் யோசனை. பந்தயப் பாய்மரக் கப்பல்கள் வடிவமைத்த ராட் ஸ்டீஃபன்ஸ், உலகம் சுற்றிய பிரிட்டிஷ் கடலோடி டென்னிஸ் பூல்ஸ்டன், எம்.ஐ.டி.யில் படித்த ஃபிராங்க் ஸ்பியர் ஆகியோர் சேர்ந்து செய்தார்கள். டி.யு.கே.டபிள்யு என்பது ஜெனரல் மோட்டார்ஸின் குறியீடு. டி என்றால் 1942-ஆம் ஆண்டு வடிவமைப்பு, யு என்றால் நீரிலும் நிலத்திலும் ஓடுவது, கே என்றால் முன்சக்கரங்களுக்கும் விசை உண்டு, டபிள்யு என்றால் பின்னால் இரண்டு அச்சுகளுக்கும் விசை உண்டு. சிப்பாய்கள் இதையெல்லாம் விரித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? 'டக்' என்று சுருக்கிவிட்டார்கள். வாத்து!

ராணுவத்தில் முதலில் ஆர்வம் இல்லை. 1942 இறுதியில், மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் கடற்கரைக்கு அருகே, கடலோரக் காவல்படையின் ஒரு படகு புயலில் மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. வேறு படகுகள் நெருங்க முடியாத அலை. சோதனைக்காக அங்கே வந்திருந்த ஒரு டக், கரையிலிருந்து நேராக அலைக்குள் இறங்கிப்போய், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிவந்தது. அதற்குப் பிறகு தயக்கம் போயிற்று. போர் முடிவதற்குள் 21,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

ஏன் இவ்வளவு? துறைமுகம் இல்லாத இடத்தில் படை இறக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பிரச்சினை. எதிரி துறைமுகங்களைச் சும்மா விட்டுவைப்பானா? கப்பல் வெளியே கடலில் நிற்கும். சரக்கு கரைக்கு வர வேண்டும், கரையிலிருந்து உள்ளேயும் போக வேண்டும். ஒரே வண்டி இரண்டையும் செய்தால் மாற்றி ஏற்றும் வேலை மிச்சம். நிலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர், நீரில் சுமார் 10 கிலோமீட்டர். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயரின் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். மணலில் ஏறும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகன்று, புதையாமல் ஏறும். 1943-இல் சிசிலியிலும், 1944-இல் நார்மண்டியிலும் இவை இல்லாமல் சரக்கு நகர்ந்திருக்காது.

ஆனால் இந்த வண்டி ஒன்றே ஒன்றைக் கேட்கும். சரிவு. நீரும் நிலமும் மெல்லச் சந்திக்கிற ஒரு சாய்வு இல்லையென்றால் அதன் வித்தை எதுவும் செல்லாது.

இதற்கு நார்மண்டியிலேயே சான்று இருக்கிறது. 1944 ஜூன் 6 அன்று பாயின்ட் டு ஹாக் என்ற செங்குத்துப் பாறைமுனையை அமெரிக்க ரேஞ்சர் படை பிடிக்க வேண்டியிருந்தது. சுமார் 30 மீட்டர் உயரம். நான்கு டக்குகளில் லண்டன் தீயணைப்புப் படையிடமிருந்து வாங்கிய 100 அடி ஏணிகளைப் பொருத்திக்கொண்டு போனார்கள். ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டன் எரிந்த காலத்துப் படையின் ஏணிகள் பிரெஞ்சுக் கடற்கரைக்குப் போகின்றன! ஆனால் விமானக் குண்டுகள் அந்தக் குறுகிய கரையைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டிப் போட்டிருந்தன. டக்குகளால் ஏறிவந்து பாறையை நெருங்க முடியவில்லை. வீரர்கள் கயிறுகளிலும் கை ஏணிகளிலும் தொற்றி ஏறினார்கள்.

அதே நாள் ஒமாஹா கரைக்குப் பீரங்கிகளை ஏற்றிவந்த டக்குகள் பல, கரை சேரும் முன்பே மூழ்கின. அளவுக்கு மீறிய சுமை. நீர்மட்டத்துக்கு மேல் தெரிய வேண்டிய விளிம்பு போதவில்லை. மருமகனின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. முங்கும்டா கண்ணா.

போர் முடிந்ததும் உபரி வண்டிகள் மலிவாக வந்தன. 1946-இலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 1994-இல் பாஸ்டன். லண்டனில் 2000-களின் தொடக்கத்தில். போர்க்களத்துக்காக அவசரத்தில் செய்த வண்டியில், எழுபது ஆண்டுகள் கழித்துக் குழந்தைகள் "குவாக் குவாக்" என்று கத்திக்கொண்டு போனார்கள். நானும் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது.

கூத்துக்கு நடுவே சாவும் இருந்தது. 1999 மே மாதம் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் அருகே ஏரியில் ஒரு டக் மூழ்கி, ஏறியிருந்த 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். வெயிலுக்காகப் போட்ட கூரையே அவர்களை உள்ளே அடைத்துவிட்டது. 2013-இல் லிவர்பூல் துறைமுகத்தில் ஒன்று மூழ்கியது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல், லண்டனில், நாடாளுமன்றத்துக்கு அருகே 'கிளியோபாட்ரா' என்ற டக் நடு ஆற்றில் தீப்பிடித்தது. அதில் 28 பயணிகள். சிலர் தண்ணீரில் குதித்தார்கள், எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். விசாரணையில் தெரிந்த காரணம் விசித்திரமானது. உள்ளே தண்ணீர் புகுந்தாலும் மிதக்க வேண்டும் என்பதற்காக வயிற்றில் நுரைக்கட்டிகளை அடைத்திருந்தார்கள். எண்ணெய் ஊறிய நுரையில் சுழலும் தண்டு உரசி, சூடேறிப் பற்றிக்கொண்டது. முழுகாமல் காக்க வைத்ததே எரிந்தது.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் பயம் சரிதான் என்று மட்டும் மனதுக்குள் ஒப்புக்கொண்டேன்.

நான் ஊர் திரும்பிய அடுத்த மாதங்களில் அக்கா போனில் சொன்னாள்: "அந்த வாத்து பஸ்ஸை நிறுத்திட்டாங்களாம்." 2017 செப்டம்பர். இன்னொரு விபத்தோ என்று பதறினேன். இல்லை. அந்தச் சந்து போய்விட்டது. தேம்ஸுக்கு அடியில் கட்டும் பெரும் கழிவுநீர்ச் சுரங்கத்தின் வேலைக்கு வாக்ஸ்ஹால் கரை தேவைப்பட்டது. இறங்க வேறு சரிவு இல்லாததால் வண்டி நின்றது.

இவ்வளவு பெரிய ஆற்றுக்கு, இவ்வளவு பெரிய ஊரில், இன்னொரு சரிவு கிடைக்கவில்லையா? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. நான் மயிலாடுதுறைக்காரன். ஊர்ப் பெயரிலேயே துறை. ஆறு என்றால் எங்களுக்குத் துலாக்கட்டத்துப் படிகள்தான். காவிரியில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, இறங்குவதற்குப் படி இருக்கிறது.

லண்டனும் ஒரு காலத்தில் துறைகளின் ஊர்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஹைத்' என்றால் படகு ஒதுங்கும் துறை. வடகரையில் குயின்ஹைத், அரசித்துறை. கிழக்கே ராதர்ஹைத். நாங்கள் ஆற்றில் இறங்கிய வாக்ஸ்ஹால் அடங்கிய லாம்பெத் வட்டாரமே 'லாம்ப் ஹைத்', ஆட்டுக்குட்டிகள் இறங்கிய துறை. ஆடுதுறை என்றே சொல்லிவிடலாம். நம் ஆடுதுறையின் ஆடு வேறு என்று சண்டைக்கு வராதீர்கள். அதற்கும் முந்திய தடயம் அந்த உளவுக் கட்டிடத்தின் காலடியிலேயே இருக்கிறது. எஃப்ரா என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கும் அந்த இடத்தில், நீர் வடியும்போது மரத்தூண்களின் அடிக்கட்டைகள் தெரிகின்றன. ஒரு வரிசை சுமார் 3,500 ஆண்டுப் பழமையானது. 2010-இல் கண்டவை 6,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. மனிதர்கள் அங்கே ஆற்றை நெருங்க ஏதோ கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

துறைகள் சுவரானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1858 கோடையில் தேம்ஸ் நாறியது. ஊரின் கழிவு முழுக்க ஆற்றில். நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசால்ஜெட்டுக்குப் பணம் கிடைத்தது. அவர் வடகரையில் விக்டோரியா கரைச்சாலையை எழுப்பி, அதற்கடியில் சாக்கடையை ஓட்டினார். தென்கரையில் வெள்ளத்தைத் தடுக்க ஆல்பர்ட் கரைச்சாலை. காலரா ஓய்ந்தது. ஆறு கருங்கல் சுவருக்குள் ஒடுங்கியது. எஃப்ரா மண்ணுக்கடியில் சாக்கடையாயிற்று. அந்த நீண்ட சுவரில் விட்டுவைக்கப்பட்ட சில இடைவெளிகளில் ஒன்றுதான் லாக்ஸ் டாக்.

150 ஆண்டுகளில் பசால்ஜெட்டின் குழாய்களும் போதாமல் போயின. மழை பெய்தால் கழிவு வழிந்து மறுபடி ஆற்றுக்கே வந்தது. அதற்காகத்தான் 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட புதிய சுரங்கம். 2025 பிப்ரவரியில் அது முழுதாக இணைக்கப்பட்டது. நாற்றம் சுவரைக் கட்டியது; நாற்றத்தின் மிச்சத்தைத் துடைக்க வந்த வேலை, சுவரில் இருந்த இடைவெளியையும் எடுத்துக்கொண்டது.

இதற்காக நான் அழ முடியாது. ஒரு வேடிக்கை வண்டியா, சுத்தமான ஆறா என்றால் எவரும் ஆற்றைத்தான் கேட்பார்கள். அந்த வண்டிகளின் வரலாறும் கறையில்லாததல்ல. அடுத்த ஆண்டே, 2018 ஜூலையில், மிசூரியின் டேபிள் ராக் ஏரியில் புயலில் சிக்கிய ஒரு டக்கில் 17 பேர் இறந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆற்றைச் சுத்தப்படுத்துவதும் ஆற்றைத் தொட விடுவதும் இரண்டு வேலைகள். முதல் வேலைக்கு ஊர்கள் பணமும் பொறியாளர்களும் கொடுக்கின்றன. இரண்டாவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு சரிவு மூடப்படும்போது ஒரு வண்டி நின்றுபோனால் செய்தியாகிறது. வண்டி இல்லாத சரிவுகள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

2019-இல் மறுபடி போனபோது மருமகனுக்குப் பதினொரு வயது. வாக்ஸ்ஹாலில் வேலித் தகடுகளும் கிரேன்களும்தான். கிழக்கே வாப்பிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பழைய மதுக்கடையை ஒட்டிய இடுக்கில் வாப்பிங் ஓல்ட் ஸ்டேர்ஸ் என்ற கல்படிகள் இன்னும் இருக்கின்றன. நீர் வடிந்திருந்த நேரம். பாசி வழுக்கியதால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இறங்கினோம். கரையில் கிடப்பதைத் தோண்டவோ எடுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். தண்ணீரைத் தொட வேண்டாம் போலிருக்கிறது.

அவன் குனிந்து கையை நனைத்துக்கொண்டான். "அன்னிக்கு முங்காதுன்னு சொன்னீங்களே மாமா, எப்படித் தெரியும்?" என்றான். இரண்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறான்.

"தெரியாதுடா," என்றேன். படியில் உட்கார்ந்து பிராவின்ஸ்டவுனிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கிளியோபாட்ராவுக்கு வருவதற்குள் தண்ணீர் கீழ்ப்படிக்கு ஏறிவிட்டது. எழுந்து மேலே வந்தோம்.