கொப்பு முறித்துப் போட்ட பாதை

ஆனையிறவு என்ற பெயரில் வரும் 'இறவு' என்ன என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இறத்தல் என்றால் இன்று நாம் சாவை மட்டுமே நினைக்கிறோம். பழந்தமிழில் அதற்குக் கடத்தல் என்ற பொருளும் உண்டு. சுரம் இறந்து பொருள் தேடப் போன தலைவர்களைச் சங்கப் பாடல்களிற் காண்கிறோம். வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகளை, ஆழங்குறைந்த கடனீரேரியூடாகக் குடாநாட்டுக்குக் கடத்திச் சென்ற இடம் இது. வன்னியத் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்ட அவை கப்பலேறி இந்தியாவுக்குப் போயின.

யானையைத் திறையாகக் கொடுத்த நாட்டிலே பிள்ளைகளுக்கு முதற் பாடம் காட்டைப் பற்றியதாகத்தானே இருக்கும்? அந்தப் பாடத்துக்கு ஏடு இல்லை. விறகுக்கும் பழத்துக்கும் போகும் பிள்ளைகளுக்கு ஆச்சிமாரும் அப்புமாரும் வாய்மொழியாகச் சொல்லிவைத்தது அது. பாலைப்பழக் காலமென்றால் மரத்தடிக்குப் போகுமுன் அண்ணாந்து பார்க்கவேண்டும். பழத்துக்குக் கரடி மரமேறியிருக்கும். கரடிக்குத் தெரியாமற் கிட்டப் போய்விட்டால் அது பாயும். ஆகவே பலத்துக் கதைத்துக்கொண்டே நடக்கவேண்டும். யானைக்கு இது சரிவராது. ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் வாயை மூடவேண்டும். ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் திசை பார்த்து, நம் மணம் அதற்கு எட்டாத பக்கமாக விலகவேண்டும். ஒரே காட்டில், ஒரே நாளில், சத்தமிடு என்றும் சத்தமிடாதே என்றும் பாடம்! மனப்பாடத்தால் ஆகக்கூடிய காரியமா இது? அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்கவே அவர்கள் பழக்கினார்கள்.

காட்டுக்குள் நுழையுமிடத்தில் கொப்பொன்றை முறித்துப் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ வைப்பது வன்னி வழக்கம். உள்ளே போகப் போகவும் ஆங்காங்கே கொப்பை முறித்துவிடுவர். திரும்பி வர அது வழிகாட்டும். முன்னது பக்தி, பின்னது புத்தி என்று பிரிப்பது என்னைப் போன்ற படித்தவர்களின் வேலை. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

யுத்தம் இந்தப் பாடத்தைக் குலைத்தது. 1991இலும் 2000இலும் 2009இலும் ஆனையிறவிலே பெருஞ்சமர்கள் நடந்தன. முகமாலை வரையிலான முன்னரங்குகளில் மிதிவெடிகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டன. மிதிவெடிக்கு இலத்தி கிடையாது. காற்றைப் பார்த்து அதனிடமிருந்து விலகவும் முடியாது. உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் துண்டு ஆண்டுக்கணக்கிற் பசியின்றிக் காத்திருக்கும்.

2009இன் பின் முகாம்களிலிருந்து மீண்ட பிள்ளைகள் பலர் காட்டை அறியாதவர்கள். காட்டை அறிந்த முதியவர்களோ, மாறிப்போன காட்டை அறியாதவர்கள். பாடசாலைகளில் யுனிசெப்பின் உதவியோடு மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. மண்டையோட்டுப் பலகைக்கு அப்பாற் போகாதே. அறியாத பொருளைத் தொடாதே. ஆள் நடமாட்டமற்ற பாதை, கைவிட்ட கிணறு, பாழ்வீடு எதையும் நம்பாதே. ஐயம் வந்தால் அசையாமல் நின்று கூப்பிடு. கடைசி விதி மட்டும் வழி தவறிய பிள்ளைக்கு ஆச்சி சொன்னதேதான்.

பிள்ளை பள்ளியிற் கேட்டதை வீட்டிற் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதும் அந்தக் கல்வியின் ஏற்பாடு. விறகுக்கும் பழைய இரும்புக்கும் தெரிந்தே உள்ளே போனவர்கள் பெரியவர்கள் அல்லவா? வயிற்றுப்பாடு விதியைக் கேட்பதில்லை. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கும் வேலையோ அதற்குப் பின்னும் ஆண்டுகளாக நீண்டது.

2013இல் இயக்கச்சிப் பக்கம் ஒரு மாணவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. பற்றைக்காட்டினூடே குறுக்குப் பாதை ஒன்று தெரிந்தது. அதன் வாயிலே முறித்த கொப்பொன்று கிடந்தது. யாரோ வழிக்குப் போட்டது என்று காலெடுத்தேன்.

"சேர், அதாலை போகாதேங்கோ. கொப்பு குறுக்கை கிடக்கு."

"வழி காட்டத்தானே போடுறவை?"

"இல்லை சேர், வரவேண்டாமெண்டு போட்டது."

எடுத்த காலை அப்படியே பின்வாங்கினேன். ஊரார் நாளாந்தம் நடக்கும் தடத்தால் அவன் முன்னே போனான், பன்னிரண்டு வயதிருக்கும்.