வீட்டுக்குள் விழும் அடியை எண்ணிய கதை

1970களிலும் 80களிலும் நாளிதழ் படித்தவர்களுக்கு ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி பழகிப்போன ஒன்று. இறந்தவர் பெரும்பாலும் கல்யாணமாகிச் சில ஆண்டுகளே ஆன மருமகளாக இருப்பார். காவல் நிலையப் பதிவேட்டில் அது விபத்து அல்லது தற்கொலை. அதோடு கோப்பு மூடப்படும். 1979 வாக்கில் டெல்லியில் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி, இவை விபத்துகள் அல்ல, வரதட்சணைக் கொலைகள் என்று குரல் எழுப்பின. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1983 இறுதியில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்ந்தது. 1986இல் வரதட்சணை மரணத்துக்கென்று 304பி வந்தது. கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமை தனிக் குற்றமானதால்தான் அதற்கென ஒரு எண்ணிக்கையும் பிறந்தது.

அன்றிலிருந்து அந்த எண்ணிக்கையை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள்.

காவல் துறைக் கணக்குக்கு வெளியே இன்னொரு கணக்கும் உண்டு. 1998-99இல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்தான் வீட்டு வன்முறை பற்றி நாடு முழுவதும் பெண்களிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்டது. யாராவது உங்களை அடித்ததோ கொடுமைப்படுத்தியதோ உண்டா என்பதே கேள்வி. கணவன் அடித்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19 சதவீதம். 2005-06இல் மூன்றாவது கணக்கெடுப்பு அந்தக் கேள்வியை உடைத்துக் கேட்டது. அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா, விருப்பமில்லாமல் உறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விடை 37 சதவீதமானது. ஏழே ஆண்டுகளில் இந்தியக் கணவர்கள் இரு மடங்கு கொடியவர்கள் ஆகிவிடவில்லை. பொதுவாகக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்று சொல்லும் பெண், அறைந்தாரா என்று நேராகக் கேட்கும்போது ஆம் என்கிறாள். கேட்கும் விதத்திலும் அந்தக் கணக்கெடுப்பு கவனம் காட்டுகிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில்தான் இந்தக் கேள்விகள். யாராவது உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

தமிழ்நாட்டின் கணக்கு இங்கேதான் உறுத்துகிறது. 1998-99இல் அந்த ஒற்றைக் கேள்விக்கே இங்குள்ள பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மாநிலங்களில் அதுவே அதிகம். 2019-21இல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில், கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 38 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 29. ஆனால் 2021இல் தமிழ்நாட்டில் 498ஏ பிரிவில் பதிவான வழக்குகள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டு மேற்கு வங்கத்தில் பதிவானவை ஏறத்தாழ இருபதாயிரம். குற்றப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் தமிழ்நாட்டுப் பெண்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்றே எழுதுவார். எழுதியும் இருக்கிறார்கள்.

இடையில் என்ன நடக்கிறது என்பது இங்குள்ள பெண்களுக்குத் தெரியும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலமெங்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்தன. அடிபட்ட பெண் அங்கே மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கிடைக்கும். கணவனையும் மாமியாரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஆலோசனை சொல்வார்கள், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். எப்.ஐ.ஆர். வரை போவது கொஞ்சம்தான். குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இடம் கொடுத்தது. சமரசம் சில பெண்களுக்கு உதவியிருக்கும். சிலரை அடித்தவனின் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் அவர்களுக்கு இடமில்லை. அந்தக் காப்பகம் எண்ணுவது எப்.ஐ.ஆரை மட்டுமே. ஒரே எப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் பெரியதை மட்டும் கணக்கில் எடுக்கும். அடித்து உதைத்துக் கடைசியில் கொன்றிருந்தால், அந்த அடி உதை தனியாக எண்ணப்படாது.

2020 ஊரடங்கிலும் இதே முரண். தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த வீட்டு வன்முறைப் புகார்கள் கூடின. 498ஏ வழக்குகளோ முந்தைய ஆண்டின் ஒன்றேகால் லட்சத்திலிருந்து 1,11,000 சொச்சத்துக்கு இறங்கின. வாசலைத் தாண்ட முடியாதவள் காவல் நிலையம் போவது எப்படி?

இவற்றையெல்லாம்விட அதிகம் மேற்கோள் காட்டப்படும் எண் ஒன்று உண்டு: 15 சதவீதம். 2014 ஜூலை 2 அன்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டின் கணக்கை எடுத்து வைத்தது. 498ஏ பிரிவில் அந்த ஆண்டு கைதானவர்கள் 1,97,762 பேர். அவர்களில் 47,951 பேர் பெண்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் 93.6 சதவீதம், தண்டனை விகிதம் 15 சதவீதம். நிலுவையில் இருந்த 3,72,706 வழக்குகளில் ஏறத்தாழ 3,17,000 விடுதலையில் முடியும் என்றும் தீர்ப்பு கணித்தது. கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதீர்கள் என்ற அதன் உத்தரவு நியாயமானது. வயதான மாமியாரையும் எங்கோ வாழும் நாத்தனாரையும் சிறையில் வைத்ததால் எந்த மருமகளுக்கும் நீதி கிடைக்கவில்லை. ஆனால் அந்த 15ஐப் பிடித்துக்கொண்டு மீதி 85 சதவீதமும் பொய் வழக்கு என்று பேசுவது தவறு. கணவன் வீட்டுக் கொடுமை, தரப்புகள் தாமாகச் சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. ஊர்ப் பெரியவர்கள் பேசி, நகையும் ஜீவனாம்சமும் கைமாறிய பிறகு, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் புகார் கொடுத்த பெண்ணே கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சி ஆக வேண்டும். அப்படி முடியும் வழக்கும் பதிவேட்டில் விடுதலைதான். அவள் முதுகில் விழுந்த அடி பொய்யாகிவிடுமா?

2023இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பொதுநல மனு ஆண்களுக்கென்று தேசிய ஆணையம் கேட்டது. 2021இல் தற்கொலை செய்துகொண்ட மணமான ஆண்கள் 81,063 பேர், மணமான பெண்கள் 28,680 பேர் என்றது. ஆண்களின் தற்கொலைகளில் 33.2 சதவீதம் குடும்பப் பிரச்சினையால் என்றும் சொன்னது. காப்பகத்தின் அறிக்கையில் அந்த 33.2 ஆண், பெண் இருவரையும் சேர்த்த மொத்தத் தற்கொலைகளின் விகிதம். குடும்பப் பிரச்சினை என்றால் மனைவியின் கொடுமை என்றும் அந்த அறிக்கை சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது; எண்கள் மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தற்கொலை செய்துகொண்ட அந்த ஆண்களின் துயரம் உண்மையானது. கடன், குடி, நோய், வேலையின்மை என்று அதன் வேர்களைத் தேடாமல் மனைவிமார் மீது போட்டுவிடுவது அவர்களுக்கே செய்யும் அநீதி.

பெண்கள் பக்கம் பேசுவோரும் எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆண்டு முழுக்கப் பதிவான வழக்குகளை நிமிடங்களால் வகுத்து, நான்கு நிமிடத்துக்கு ஒரு பெண் கொடுமைக்கு ஆளாகிறாள் என்று தலைப்பிடுகிறார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒன்று பதிவாவது வழக்குதான். கணக்கெடுப்பின் 29 சதவீதம் மணவாழ்க்கையில் எப்போதாவது நடந்ததைக் குறிக்கிறது. அதை இந்த ஆண்டின் கணக்காக மேடையில் சொன்னால், எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைக் காட்டியே முழு உண்மையையும் தள்ளிவிடும். கணவர்கள் அடிபட்டதுண்டா என்று அந்தக் கணக்கெடுப்பு ஆண்களைக் கேட்பதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை என்கிறது அதே ஐந்தாவது கணக்கெடுப்பு. அந்த மௌனத்தைத் தாண்டி மகளிர் காவல் நிலையம் வரை வந்தவர்களையாவது முழுதாக எண்ண வேண்டாமா? ஆண்டுதோறும் அங்கே வந்த மனுக்கள் எத்தனை, எப்.ஐ.ஆர். ஆனவை எத்தனை, சமரசமாகிப் போனவை எத்தனை, அப்படிப் போனவர்களில் மீண்டும் அடிபட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைத் தமிழ்நாடு அரசு மாவட்ட வாரியாக, பதிவான கொடுமை வழக்குகளின் கணக்குக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.