பல்செட்டின் கதை: நீர்யானைத் தந்தம் முதல் அக்ரிலிக் வரை

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913-ல் கொல்லிமலையில் குடியேறினார்கள். (வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டின் பெற்றோர் இவர்கள்தான்.) வந்தது மதப்பணிக்கு. ஆனால் மலையில் வேறு வைத்தியர் இல்லாததால் அந்த வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. காய்ச்சல், நரம்புச்சிலந்தி, அதோடு சொத்தைப்பல் பிடுங்குவது! ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். ஈவ்லின் 1974 வரை வாழ்ந்தார், முதிய வயதிலும் மலைமலையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பல்லைப் பிடுங்க ஒரு குறடு போதும். பிடுங்கிய இடத்தில் வேறு பல் வைப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலையின் வரலாறு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது: போன மாதம் செய்த பல்செட் போலவே இந்த மாதம் செய்வதும் இருக்குமா?

பழைய காலத்தில் இதற்கு உத்தரவாதமே கிடையாது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்பது வெறும் கதை. 1789-ல் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் நீர்யானைத் தந்தம், மனிதப் பல், தங்கம், ஈயம். தந்தம் எச்சிலில் ஊறும், பழுப்பேறும், கொஞ்ச நாளில் நாறும். ஒரு துண்டு போல இன்னொரு துண்டு இருக்காது. 1815-ல் வாட்டர்லூ போரில் செத்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள் என்றால் தட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானில் செய்து பார்த்தார்கள். அது அழுகாது, ஆனால் சூளையில் சுருங்கிவிடும். ஈறில் சரியாக உட்காராது.

மாற்றம் ரப்பரால் வந்தது. சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கந்தகத்தை அதிகமாகச் சேர்த்தால் கெட்டியான வல்கனைட் கிடைக்கும். வாயின் அச்சில் அழுத்தி வேகவைத்தால் அச்சு அப்படியே பதியும். நிறம்தான் செங்கல் போல! இருந்தாலும் விலை மலிவு, ஒரே கலவை, ஒரே பலன். இதற்கான காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் 1879-ல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர், கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனைச் சுட்டே கொன்றுவிட்டார். பல்செட்டுக்காக ஒரு கொலை! பிராண்ட் தம்பதி மலையேறிய காலத்திலும் உலகில் சாதாரண மக்களின் பல்செட் இந்த வல்கனைட்தான்.

1937-க்குப் பிறகு அக்ரிலிக் வந்தது. பத்தே வருடத்தில் வல்கனைட்டை ஓரங்கட்டிவிட்டது. ஈறு நிறம், வழவழப்பு, லேசான எடை. இன்றும் பெரும்பாலான பல்செட்டுகள் இதில்தான். ஆனால் சிக்கல் வேறு இடத்துக்கு நகர்ந்தது எனலாம். பொருள் இப்போது தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதிரி வருகிறது. அதைக் கலப்பதும் வேகவைப்பதும் ஏதோ ஒரு சின்ன லேபில்.

அளவில் மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு திரவம். பிசைந்த மாவுப் பதம் வந்ததும் அச்சில் அழுத்த வேண்டும். பிறகு வெந்நீரில் சுமார் 74 டிகிரியில் மணிக்கணக்காக வேகவேண்டும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பிலேயே கொதிக்கவிட்டால், 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் அந்தத் திரவம் உள்ளுக்குள்ளேயே ஆவியாகிப் பொத்தல் விடும். பொத்தல் உள்ள செட் சீக்கிரம் உடையும், அழுக்கும் சேரும். அரைகுறையாக வெந்தால் மோனோமர் என்கிற அந்தத் திரவம் மிச்சமாகி வாயை எரிக்கும். சர்வதேசத் தரம் வெப்பத்தில் வேகவைத்த செட்டில் மிச்ச மோனோமர் 2.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. வேகாமல் தானாக இறுகும் வகைக்கு 4.5 சதவீதம் வரை அனுமதி. நம்மூர் நடைபாதைகளில் பதிவு பெறாதவர்கள் கம்பி வைத்துக் கட்டும் பல் இந்த இரண்டாவது வகைப் பொருள்தான். அதை வாயிலேயே வைத்து இறுகவிடுவார்கள். பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்வதைத் தடுக்க 1948-லேயே சட்டம் வந்தாயிற்று. 1953-ல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. நடைபாதைப் பல் மட்டும் போகவில்லை. காரணம் ரொம்ப எளிது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்!

முறையாகச் செய்யும் முழு செட்டுக்கு வழக்கமாக ஐந்து நடை. முதல் அச்சு, இரண்டாவது அச்சு, கடி அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியாக மாட்டுவது. நகரத்தில் இருப்பவருக்கு அது பஸ் டிக்கெட் செலவு. கொல்லிமலைக்காரருக்கு? காரவல்லி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் பல்செட் கட்டும் ஒருவர் ஐந்து முறை இறங்கி ஏறினால் 700 வளைவுகள், ஐந்து நாள் கூலி நஷ்டம். அப்படி வாங்கிப்போன செட், லேபில் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக அடுப்பை அணைத்ததால் நடுவில் விரிசல் விட்டால், சாமைச் சோற்றை மறுபடி ஈறால்தான் மெல்ல வேண்டும். ஒட்டவைக்கவும் மறுபடி கீழேதான் இறங்க வேண்டும்.