கட்டிலா, தட்டா? காசநோய் ஆராய்ச்சியில் சென்னையின் 67 வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதை ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிக்குது. பீச்–தாம்பரம் லோக்கல்ல போறவங்களுக்குத் தெரியும், குரோம்பேட்டை தாண்டினா அடுத்தது ‘தாம்பரம் சானடோரியம்’. மெப்ஸ்ல வேலை பார்க்கிற என்னை மாதிரி ஆட்கள் அங்கதான் இறங்குவோம். மூணு வருஷம் ஏறி இறங்கியும், அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு நான் யோசிச்சதே இல்லை.

யோசிக்க வச்சது என் பாட்டி. புது வேலை கிடைச்சப்போ ஆபீஸ் எங்கன்னு கேட்டாங்க. “சானடோரியம் பாட்டி”ன்னு சொன்னேன். முகம் மாறிடுச்சு. “அங்க ஏன்டா போற?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அப்புறம் அம்மாதான் சொன்னாங்க. 1960கள் தொடக்கத்துல பாட்டியோட அண்ணனுக்கு டி.பி. வந்து, அங்கதான் சேர்த்திருந்தாங்களாம். வீட்டுல அவர் தட்டு, டம்ளர் எல்லாத்தையும் தனியா வச்சுட்டாங்களாம். அந்த நோயோட பேரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்களாம்.

இதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். அப்போ கண்ணுல பட்ட ஒரு விஷயம் என்னை உலுக்கிடுச்சு. பாட்டியோட அண்ணனை ஊரை விட்டுப் பிரிச்சு அனுப்பின அந்த நேரத்துல, “அப்படி அனுப்பவே தேவையில்லை”ன்னு ஒரு ஆராய்ச்சி ஏற்கெனவே நிரூபிச்சிருந்துச்சு. அதுவும் எங்கயோ இல்லை, சேத்துப்பட்டுல.

மருந்தே இல்லாத காலம்

கொஞ்சம் பின்னாடி போகலாம். காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியான்னு ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்னைக்கு அறிவிச்சார். ஆனா அதைக் கொல்ற மருந்து வர இன்னும் 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் மருத்துவம்னா மூணே விஷயம்தான்: நல்ல காற்று, முழு ஓய்வு, நல்ல சாப்பாடு. இந்த மூணையும் ஒரே இடத்துல கொடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் பேர்தான் சானடோரியம்.

தாம்பரத்துல அதை 1928ல தொடங்கினவர் டாக்டர் டேவிட் சவரி முத்து. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலைப்பகுதியில சானடோரியம் நடத்தினவர் இவர். காசநோய்னு சந்தேகப்பட்டு கணிதமேதை ராமானுஜன் சேர்க்கப்பட்ட இடங்கள்ல அதுவும் ஒண்ணு. தாம்பரம் சானடோரியத்தைப் பிறகு அரசு எடுத்துக்கிச்சு. இன்னைக்கும் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையா இயங்குது.

1940கள்ல நிலைமை மாறுது. ஸ்ட்ரெப்டோமைசின் வருது. 1948ல பிரிட்டன்ல வெளியான ஆய்வுல 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க. 55 பேருக்கு மருந்து, 52 பேருக்கு வெறும் படுக்கை ஓய்வு. ஆறு மாசத்துல மருந்து எடுத்தவங்கள்ல 4 பேர் இறந்தாங்க. ஓய்வு மட்டும் எடுத்தவங்கள்ல 14 பேர். அடுத்து பி.ஏ.எஸ்.னு ஒரு மருந்து. 1952ல ஐசோநியாசிட். இது மாத்திரை, விலையும் குறைவு.

இப்போ ஒரு கேள்வி. மருந்தே வந்தாச்சு, இன்னும் கட்டில் எதுக்கு? இந்தியா மாதிரி நாட்டுல இருந்த நோயாளிகளுக்கும் கட்டில்களுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலானவங்களுக்கு இடமே கிடைக்காது. இடம் கிடைச்சாலும், சம்பாதிக்கிற ஆள் ஒரு வருஷம் கட்டில்ல படுத்தா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?

மெட்ராஸ் ஆய்வு

1956ல மெட்ராஸ்ல காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டுச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் கை கோத்தாங்க. முன்நின்று நடத்தினவர் வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர்.

முதல் ஆய்வை நம்ம பாஷையில சொன்னா ஒரு ஏ/பி டெஸ்ட். நகரத்தோட ஏழைக் குடும்பங்கள்ல இருந்து 193 நோயாளிகள். குலுக்கல்ல ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே கால அளவு: ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். வீட்டுல இருக்கிறவங்க வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கணும். சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரை டெஸ்ட் பண்ணி உண்மையிலேயே சாப்பிட்டாங்களான்னு பார்த்தாங்க.

இதுல எவ்வளவு பெரிய ரிஸ்க் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சளியில கிருமி இருக்கிற ஆளை, குழந்தைங்க படுக்கிற அதே சின்ன அறைக்குத் திருப்பி அனுப்புறாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு வந்துட்டா யார் பதில் சொல்றது?

1959ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். இடைவெளி அவ்வளவுதான். குடும்பத்தினரையும் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. நோயாளி வீட்டுலயே இருந்ததால குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் வரலை. ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குறதுக்கு முன்னாடியே, நோய்னு தெரியாம இருமிக்கிட்டு இருந்த நாட்கள்ல நடந்து முடிஞ்சிருக்கு.

அதாவது, பாட்டி வீட்டுல தனியா வச்ச தட்டும் டம்ளரும் யாரையும் காப்பாத்தலை. காசநோய் காற்று வழியாப் பரவுறது, தட்டு வழியா இல்லை.

இந்த முடிவு உலகத்தையே மாத்துச்சு. நாடு நாடா சானடோரியங்கள் மூடப்பட்டுச்சு. மாத்திரையை நேர்ல பார்த்துக் கொடுக்கிற முறையும் அடுத்தடுத்த மெட்ராஸ் ஆய்வுகள்ல வளர்ந்ததுதான். இன்னைக்கு நம்ம ஊர்ல ஒருத்தர் டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே வீட்டுல பிள்ளைங்களோட இருக்க முடியுதுன்னா, அதுக்கு அந்த 193 பேரும் காரணம்.

சாப்பாடு எங்க போச்சு?

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நல்ல சுபம் கார்டு போட்டிருக்கலாம். ஆனா அந்த ஆய்வுல இன்னொரு கணக்கும் இருந்துச்சு.

சானடோரியத்துல இருந்தவங்க நல்லா சாப்பிட்டாங்க, ஓய்வு எடுத்தாங்க, எடையும் நல்லா கூடுச்சு. வீட்டுல இருந்தவங்க கம்மியா சாப்பிட்டாங்க, வேலையும் செஞ்சாங்க, எடை அந்த அளவு கூடலை. இருந்தாலும் நோய் அடங்கிடுச்சு. 1961ல இதைத் தனிக் கட்டுரையாவே வெளியிட்டாங்க. மருந்து சரியா இருந்தா, சத்தான சாப்பாடு கிடைக்காதவங்களும் குணமாகலாம்னு அது காட்டுச்சு.

கவனிங்க, இது நல்ல செய்தி. “உனக்குப் பாலும் முட்டையும் வாங்க வசதி இல்லை, அதனால பிழைக்க மாட்டே”ன்னு ஒரு ஏழைகிட்ட சொல்ல வேண்டியதில்லைன்னு அர்த்தம். ஆனா காலப்போக்குல “சாப்பாடு இல்லாமலும் குணமாகும்”ங்கிறது “சாப்பாடு முக்கியமில்லை”ன்னு சுருங்கிப் போச்சு. கட்டிலை எடுத்தப்போ தட்டையும் சேர்த்து எடுத்துட்டோம்.

அந்த ஆய்வு கேட்ட கேள்வி, இந்த மருந்து எந்த இடத்துல வேலை செய்யும்கிறது. பசி ஒருத்தரை நோயாளி ஆக்குதாங்கிறதை அது கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அதுல பதில் கிடைச்சிருக்காது. ஏன்னா வீட்டுல இருந்த குடும்பங்கள் ரெண்டு பிரிவுலயும் ஒரே மாதிரி ஏழைங்க, ஒரே மாதிரி அரைவயிறு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற விஷயத்தை ஏ/பி டெஸ்ட்ல அளக்க முடியாது. கோட் எழுதுற எல்லாருக்கும் இது தெரியும்.

ஜார்க்கண்ட், 2019

அந்தக் கேள்வியை நேரடியாக் கேட்ட ஆய்வுக்குப் பேர் ரேஷன்ஸ். ஆமா, பேரே அதுதான். மாதவி பார்கவா, அனுராக் பார்கவா ரெண்டு டாக்டர்களும் முன்நின்று நடத்தினாங்க. ஒருங்கிணைச்சது அதே சேத்துப்பட்டு மையம். இப்போ அதுக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேர்.

ஜார்க்கண்ட்ல 4 மாவட்டம், 2,800 நோயாளிகள், அவங்க வீட்டுல இருந்த 10,345 பேர். இந்த வீட்டாள்கள்ல மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட சந்தால், ஹோ, முண்டா மாதிரியான பழங்குடி மக்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாசம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தாங்க: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். வித்தியாசம் குடும்பத்துலதான். ஒரு பிரிவுல மட்டும் வீட்டுல இருக்கிற பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் மாசம் 5 கிலோ அரிசி, ஒண்ணரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை.

முடிவு 2023 ஆகஸ்ட்ல ‘லான்செட்’ல வந்துச்சு. உணவு கிடைக்காத குடும்பங்கள்ல 2.6 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்துச்சு. உணவு கிடைச்ச குடும்பங்கள்ல 1.7 சதவீதம். கணக்குப்படி பார்த்தா நோய் 39 சதவீதம் குறைவு. நுரையீரல்ல வந்து மத்தவங்களுக்குத் தொத்துற வகை மட்டும் எடுத்தா 48 சதவீதம் குறைவு. புது மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. அரிசியும் பருப்பும்.

எப்படி வேலை செய்யுது? காசநோய்க் கிருமி உடம்புக்குள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. 100 பேர்ல 90 பேருக்கு மேல உடம்பே அதைச் சுவர் கட்டி அடைச்சு வச்சிடும். அந்தச் சுவரைக் காவல் காக்கிறது நோய் எதிர்ப்புச் சக்தி. பசி அந்தக் காவலைத்தான் முதல்ல தளர்த்துது.

நோயாளிகள் பக்கம் பார்த்தா, சிகிச்சை தொடங்கும்போதே ஐஞ்சுல நாலு பேருக்கு மேல ஊட்டக்குறைவு. முதல் ரெண்டு மாசத்துல 5 சதவீதம் எடை கூடினவங்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவா இருந்துச்சு. ஒரு எச்சரிக்கை: நோயாளிகள் எல்லாருக்குமே உணவு கொடுத்ததால, இந்தப் பகுதியில ஒப்பிட ஆள் இல்லை. சீக்கிரம் குணமானதாலயும் எடை கூடியிருக்கலாம். அதனால இதைக் குடும்பங்கள்ல கிடைச்ச முடிவு அளவுக்கு உறுதியான ஆதாரமா எடுத்துக்க முடியாது.

தமிழ்நாட்டுலயும் இந்த யோசனை நடைமுறைக்கு வந்திருக்கு. 2022ல தொடங்கின காசநோய் இறப்பில்லாத் திட்டத்துல, நோய்னு தெரிஞ்ச உடனே உயரம், எடை, மூச்சு, ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடியுதான்னு எல்லாம் பார்க்கிறாங்க. ரொம்ப மெலிஞ்சு போனவங்களை, மூச்சு வாங்குறவங்களை ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்றாங்க. கட்டில் எல்லாருக்கும் தேவையில்லை, ஆனா சிலருக்குக் கண்டிப்பாத் தேவை. நோயாளிகளோட உணவுக்குன்னு 2018ல மத்திய அரசு மாசம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்குச்சு. 2024 நவம்பர்ல இருந்து 1,000 ரூபாய்.

ரேஷன்ஸ் சொல்றது நோயாளியோட பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுற எல்லாரையும் பத்தி. அந்தப் பணம் நோயாளி ஒருத்தருக்கு மட்டும்தான். வீட்டுல இருக்கிற மத்த நாலு பேர் தட்டைப் பத்தி இன்னும் பேச வேண்டியிருக்கு.

தமிழ்ல இந்த நோய்க்கு ஒரு பழைய பேர் இருக்கு: எலும்புருக்கி நோய். நோயைப் பார்த்தவங்க முதல்ல கவனிச்சது இருமலை இல்லை, உடம்பு உருகுறதை.

இந்த எபிசோடுக்காகப் பாட்டிகிட்ட மறுபடியும் பேசினேன். இந்தத் தடவை உள்ள எழுந்து போகலை. அண்ணனைப் பார்க்க ஒரே ஒரு தடவைதான் கூட்டிட்டுப் போனாங்களாம். மரத்தடியில உட்கார்ந்திருந்தாராம். “அங்க அவனுக்குத் தினமும் முட்டை குடுத்தாங்கடா. நம்ம வீட்டுல முட்டையை யார் கண்டா? கன்னம் எல்லாம் உப்பி, ஆளே அடையாளம் தெரியலை”ன்னு சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “தட்டைத் தனியா வச்சிருக்க வேண்டாம், இல்ல?”ன்னு கேட்டாங்க.

வேண்டாம் பாட்டின்னு சொன்னேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்ட் எடுத்துக்கோங்க. அரசு மருத்துவமனையில டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். தெரிஞ்சவங்க யாருக்காவது டி.பி.ன்னு கேள்விப்பட்டா, பார்க்கப் போகும்போது அந்த வீட்டுக்கே சேர்த்து ஏதாவது சாப்பிட வாங்கிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.