மூன்று வெள்ளி உரிமத்தாள்: நகர மையச் சாலைக்கு விலை வைத்த வரலாறு

1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூரின் வணிக மையத்தைச் சுற்றி வரையப்பட்ட கோட்டினைக் கடக்க விரும்பிய கார் ஓட்டுநர், தம் முன்கண்ணாடியில் ஓர் உரிமத்தாளை ஒட்டியிருக்க வேண்டியதாயிற்று. அதன் விலை நாளொன்றுக்கு 3 வெள்ளி, மாதத்திற்கு 60 வெள்ளி. அஞ்சல் நிலையங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் சாலையோரச் சாவடிகளிலும் அது விற்கப்பட்டது. நுழைவாயில்களில் நின்ற காவலர்கள் எந்த வண்டியையும் தடுத்து நிறுத்தவில்லை. உரிமத்தாள் இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டதோடு சரி. அபராத அறிவிப்பு பின்னர் வீடு தேடி வந்தது. கணினியோ மின்கருவியோ இன்றி, கண்ணும் பென்சிலும் கொண்டு நடந்தேறிய இந்த ஏற்பாட்டின் பெயர் வட்டார உரிமத் திட்டம். நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் நகர மையச் சாலைக்கு விலை வைத்த முதல் நகரம் என்னும் இடத்தைச் சிங்கப்பூர் பெற்றது இதனால்தான். இலண்டன் அவ்வழிக்கு வர 2003 வரை ஆயிற்று.

நுழைவதற்குக் கட்டணம் எதற்கு, நிறுத்துமிடக் கட்டணத்தை உயர்த்தினால் போதாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான வினா. மையப் பகுதியின் பொது நிறுத்துமிடங்களில் கட்டணம் அப்போது உயர்த்தப்படவும் செய்தது. ஆயினும் நிறுத்துமிடக் கட்டணம் நிற்கும் வண்டியைத்தான் தொடும். ஓடும் வண்டியைத் தொடாது. நகரின் ஒரு புறமிருந்து மறுபுறம் செல்ல மையத்தின் ஊடே பாய்பவர் எங்கும் நிறுத்துவதில்லை. முதலாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநரும் நிறுத்துவதில்லை. அலுவலகக் கட்டடத்திலேயே இலவச இடம் பெற்ற மேலாளருக்கோ, வெளியே கட்டணம் எவ்வளவு என்பதே தெரிந்திராது. மேலும், நிறுத்துமிடம் மலிவாகவும் இடம் அரிதாகவும் இருந்தால், காலியிடம் தேடி வண்டிகள் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றலே புதியதொரு நெரிசலாகும்.

பொருளியலாளர்களுக்கு இக்கருத்து புதிதன்று. நெரிசலான சாலையில் புகும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் வருபவர் அனைவரையும் சற்றே தாமதப்படுத்துகிறது. அத்தாமதத்தின் விலையை அவ்வண்டிக்காரர் தருவதில்லை. பிகு 1920இல் எழுதிய நூலில் இதன் வித்து உண்டு. 1950களில் வில்லியம் விக்ரி இதனை நகரச் சாலைகளுக்குப் பொருத்திக் காட்டினார். 1964இல் பிரிட்டனில் ஸ்மீட் குழுவும் இதையே பரிந்துரைத்தது. அங்கெல்லாம் அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. வாக்காளரிடம் சென்று, இதுவரை இலவசமாக ஓடிய சாலைக்குக் காசு கொடுங்கள் என்று சொல்ல யாரும் துணியவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேசுவது ஆசிரியர்களுக்குப் பயன்படும். வரி, கட்டணம், அபராதம் ஆகிய மூன்றையும் பேச்சுவழக்கில் நாம் ஒன்றாகக் கலந்து விடுகிறோம். தவறு செய்தவர் செலுத்துவது அபராதம். பயன் பெறுகிறோமா இல்லையா என்று பாராமல் பெறப்படுவது வரி. ஒன்றைப் பயன்படுத்துபவர் அதற்கு ஈடாகத் தருவது கட்டணம். காலை எட்டு மணிக்கு மையத்திற்குள் காரில் செல்வது குற்றமன்று. அந்நேரத்து இடம் அரிய பொருள், அவ்வளவே. இந்த வேறுபாடு பிடிபட்டால் திட்டத்தின் பாதி விளங்கிவிடும்.

விளைவு வகுத்தவர்களையே வியக்க வைத்தது. போக்குவரத்தில் 25 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தால் போதும் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். கட்டண நேரத்தில் நுழைந்த கார்களோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தன. மக்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் ஏழரைக்கு முன்பே புகுந்தனர். சிலர் ஒன்பதரை வரை காத்திருந்தனர். அதனால் சில வாரங்களிலேயே கட்டண நேரம் பத்தேகால் வரை நீட்டிக்கப்பட்டது. நால்வர் அமர்ந்த காருக்குக் கட்டணமில்லை என்ற சலுகை அழகியதொரு வழக்கத்தைப் பிறப்பித்தது. எல்லைக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தங்களில் காத்திருந்தவர்களைக் கார்க்காரர்கள் ஏற்றிக்கொண்டு எண்ணிக்கையை நிறைவு செய்தனர். பேருந்துக் காசு மிச்சமானவருக்கும் மூன்று வெள்ளி மிச்சமானவருக்கும் அது நல்ல பேரம்தான்.

தோற்ற பகுதியையும் சொல்லியாக வேண்டும். மையத்தின் விளிம்பில் ஏறத்தாழ 10,000 வண்டிகளுக்கு நிறுத்துமிடங்கள் அமைக்கப்பட்டன. அங்கே காரை விட்டுச் சிறப்புப் பேருந்தில் ஏறலாம் என்பது திட்டம். அவற்றில் பெரும்பாலான இடம் வெறுமையாகவே கிடந்தது. காரணம் எளிது. பாதி வழி காரில் வந்து, இறங்கி, காத்திருந்து, மீண்டும் ஏறுவதைவிட, வீட்டு வாசலிலிருந்தே பேருந்தில் வருவது பலருக்கு மேலாகத் தோன்றியது. மற்றொரு கணிப்பும் பொய்த்தது. காலையில் உள்ளே வராத கார் மாலையில் வெளியேறாது, ஆகவே மாலை நெரிசலும் தானாகக் குறையும் என்று நம்பினர். அது பெரிதாகக் குறையவில்லை. கட்டணமில்லாத மாலையில் மையத்தின் ஊடே கடந்து செல்ல வேறு வண்டிகள் வந்து சேர்ந்தன.

இத்திட்டம் ஏழைக்குப் பாதகமா? செல்வருக்கு மூன்று வெள்ளி பொருட்டன்று. தவணையில் சிறு கார் வாங்கிய எழுத்தருக்கு மாதம் 60 வெள்ளி பெருஞ்சுமை. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பும் சாலை இலவசமாக இருந்ததில்லை என்பதே நம் கருத்து. விலை பணமாகப் பெறப்படாமல் நேரமாகப் பெறப்பட்டது. ஒருவர் மட்டும் அமர்ந்த கார்களின் பின்னே ஊர்ந்த பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர்களும் அதனைச் செலுத்தினர். அவர்கள் இழந்த நேரம் எவருடைய கருவூலத்திலும் சேரவில்லை. எழுத்தரின் மனக்குறைக்கு விடை பேருந்தின் தரத்தில் இருந்தது. 1975இல் அத்தரம் போதுமானதாக இருந்தது என்று நாம் சொல்லத் துணியோம். பெருவிரைவு ரயிலின் முதல் தடம் திறக்க 1987 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1989 ஜூனில் மாலை நேரமும் கட்டணத்திற்குள் வந்தது. சரக்கு வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. நால்வர் சலுகை நீங்கியது. 5 வெள்ளியாக உயர்ந்திருந்த காருக்கான நாள் கட்டணம் மீண்டும் 3 வெள்ளிக்கு இறங்கியது. பேருந்து நிறுத்தத்தில் காரை எதிர்பார்த்து நின்றவர்கள் மறுபடியும் பேருந்தையே எதிர்பார்த்தனர். 1998 செப்டம்பரில் மின்னியல் சாலைக் கட்டண முறை மையத்திற்கு வந்தபோது, நுழைவாயில்களில் எண் குறித்த காவலர்களின் வேலையை, வண்டிக்குள் பொருத்திய சிறு கருவியும் சாலையின் மேல் நின்ற வளைவும் ஏற்றுக்கொண்டன.