மில்லுக்குள் விட்டார்கள், வீட்டுக்குள் விடவில்லை

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் விடிந்தும் விடியாமலும் பட்டாசு ஆலை வேன்கள் வந்து நிற்கும். காலனிக்கும் வரும். "ஏறு, ஏறு, நேரமாச்சு" என்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். மருந்து கலக்குற கை என்ன சாதி, திரி வைக்கிற கை என்ன சாதி என்று அந்த நேரத்தில் ஒருத்தரும் கேட்பதில்லை. அதே வீட்டுப் பிள்ளை படித்து, வேலை கிடைத்து, சென்னையில் வீடு தேடுகிறபோது பேச்சு வேறு மாதிரி போகிறது. "சொந்த ஊர் எது தம்பி?" "சிவகாசிப் பக்கம் சார்." "பக்கம்னா?" "எம். புதுப்பட்டி." "அங்க நீங்க என்ன ஆளுங்க?" பையில் சம்பளச் சீட்டு இருக்கிறது, முன்பணம் இருக்கிறது. அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன் தம்பி" என்பதோடு கதவு சாத்தப்படுகிறது.

உழைப்பு வேண்டும், உழைத்தவன் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது. நம்முடைய நகரங்கள் இந்த ஏற்பாட்டின்மேல்தான் எழுந்து நிற்கின்றன. இதற்கு வெகுதூரம் போய்ச் சாட்சி தேட வேண்டாம். பெரம்பூர், புளியந்தோப்பு வரலாறே போதும்.

பழைய ஆலையும் கிட்டங்கியும் இருந்த இடம் சொகுசு வீடாக மாறுவது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. நியூயார்க் நகரத்தின் சோஹோ பகுதியில் உயரமான கூரையும் பெரிய ஜன்னலுமாக இருந்த பட்டறைத் தளங்களுக்கு 'லாஃப்ட்' என்று பெயர். அங்கே வேலை செய்தவர்களில் கறுப்பின மக்களும் புவர்ட்டோ ரிக்கோ மக்களும் ஏராளம். தொழில் நசிந்தபோது 1960-களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். 1973-இல் அது வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி என்று அறிவிக்கப்பட்டது. பிறகு பணக்காரர்கள் வந்தார்கள். இரும்புத் தூண்களைப் பாதுகாத்தார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று உழைத்தவர்களைப் பாதுகாக்க யாருமில்லை.

நம் ஊரில் இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது.

பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் 1870-களிலும் 80-களிலும் தொடங்கின. ஊர்களில் நிலமில்லாமல் தவித்த ஆதிதிராவிட மக்களுக்கு அந்த மில் ஒரு வாசல். பண்ணையாருடைய முகத்தைப் பார்க்காமல் கூலி வாங்கலாம். அதை நம்பித்தான் புளியந்தோப்பிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் குடிசை போட்டார்கள். 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான்.

1921 வேலைநிறுத்தத்தைத் தொழிலாளர் வரலாறு வீரக்கதையாக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கதையில் நம் ஆட்களுக்குக் கிடைத்த பட்டம் 'கருங்காலி'. ஏன் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஊரில் காணி நிலம் உள்ளவன் நாலு மாதம் தாக்குப்பிடிக்கலாம். அன்றாடக் கூலியைத் தவிர வேறெதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? எம்.சி. ராஜா போன்ற தலைவர்களும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் கோபம் மில் வாசலோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கூலித் தகராறில் எரிந்தது மில் அல்ல, சேரி. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தரப்பிலிருந்து, ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்ற வேண்டும் என்ற யோசனை எழுந்தது. வீட்டைப் பறிகொடுத்தவன் ஊரையும் விட்டுப் போக வேண்டுமாம்! ராஜாவுக்கும் அந்தக் கட்சிக்கும் விரிசல் முற்றி, 1923-இல் அவர் வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் அரசியல் என்ற பெரிய குடையின் கீழ் நமக்கு நிழல் எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துபோனது.

மில் 1996-இல் மூடப்பட்டது. காலிக் கொட்டகைகளில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. இன்று அந்த நிலத்தில் நீச்சல் குளத்தோடும் காவலாளிகளோடும் அடுக்குமாடிகள் நிற்கின்றன. விளம்பரத்தில் நூற்றாண்டுப் பெருமை பேசலாம். எரிந்த குடிசையைப் பற்றி ஒரு வரி வராது. அதே புளியந்தோப்பில், கேசவப் பிள்ளை பூங்காவில் ஏழைகளுக்காகக் குடிசை மாற்று வாரியம் 1,920 வீடுகள் கட்டியது. 2021 ஆகஸ்டில் அதன் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்கு? 2000-த்திலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 1921-இல் யோசனையாக இருந்தது, 'மறுகுடியமர்வு' என்ற மரியாதையான பெயரில் நடந்து முடிந்துகொண்டிருக்கிறது.

"படிச்சு முன்னேறிட்டா இதெல்லாம் சரியாயிரும்" என்பவர்கள் அண்ணல் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தவருக்கு அந்த நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். மாடியில் ஒரு சிறு அறை. மீதியெல்லாம் உடைந்த நாற்காலியும் பலகையும் அடைத்த பெரிய கூடம். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பரிடம் கேட்டார், கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார். இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அந்தப் பட்டங்களுக்கு முன்னால் எந்த ஐ.டி. சம்பளச் சீட்டு நிற்கும்?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று வரிசையாகச் சொல்கிறது. வாடகை வீடு என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. 2005-இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தச் சாதியும் இதைப் பிடித்துக்கொண்டு சுவர் எழுப்பலாம். டில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசியில் வீடு கேட்ட தலித் பெயர்களில் நூற்றுக்கு 18-க்கும், முஸ்லிம் பெயர்களில் 31-க்கும் முகத்துக்கு நேரே மறுப்பு. உயர்சாதிப் பெயருக்கு மறுப்பே கிடையாது.

நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாதி கரையவில்லை, 'சைவம் மட்டும்', 'குடும்பத்தாருக்கு மட்டும்' என்று எழுத்தை மாற்றிக்கொண்டது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் வெளிப்படையான சட்டம் வேண்டும். சமூகத்தின் பேரில் ஆளை ஒதுக்கும் வீட்டுவசதிச் சங்க விதிகள் செல்லாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். மாணவத் தோழர்கள் ஒவ்வொரு மறுப்பையும் தேதியோடு, சொன்ன வார்த்தையோடு எழுதி வைக்க வேண்டும். புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளின் கணக்கை அன்றைக்கு நாம் எழுதவில்லை. நம்மைக் கருங்காலி என்றவர்கள்தான் எழுதினார்கள். இந்த முறை எழுதுகிற கை நம்முடையதாக இருக்கட்டும்.