மூச்சடக்கி எடுத்த எண்ணெய்

எண்ணெய்க் கிணறு என்றவுடன் நம் மனக்கண் முன் எழுவது இரும்புக் கோபுரமும், அதன் உச்சியையும் கடந்து பீறிடும் கருநிற ஊற்றுமே. திரைப்படங்கள் நமக்கு அவ்வாறு காட்டிப் பழக்கியிருக்கின்றன. தானே பீறிடும் கிணறுகள் உண்டு; ஆனால் அவை சிலவே. அவற்றின் வேகமும் நாளடைவில் ஓய்ந்துவிடும். அதன்பின் எண்ணெய் அடியில் தேங்கி நிற்கும். அதனை மேலே கொண்டுவர வேண்டியவன் மனிதன்தான்.

தண்ணீர் இறைப்பதுபோல இறைத்துவிடலாமே என்று தோன்றும். முதலில் அப்படித்தான் இறைத்தார்கள். ஆயினும் தண்ணீர்க் கிணற்றுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தண்ணீர்க் கிணற்றில் இறங்கித் தூர் வாருகிறவன் களைத்தால் சற்று நின்று இளைப்பாறலாம். எண்ணெய்க் கிணற்றில் இறங்கியவனுக்கு இழுக்க மூச்சே இல்லை. இந்த ஒரு வேறுபாடு பல தலைமுறை மக்களின் வாழ்வை எவ்வாறு அமைத்தது என்பதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

இன்று மியன்மார் எனப்படும் பர்மாவின் நடுப்பகுதி, மழை குறைந்த வறண்ட நிலம். அங்கே ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் யெனாஞ்சாங் என்றோர் ஊர் இருக்கிறது. ‘யெனான்’ என்றால் நாறும் நீர். ‘சாங்’ என்றால் ஓடை. பெட்ரோலியத்துக்கு இன்றளவும் பர்மியர் வழங்கும் பெயர் ‘யெனான்’தான். ஊர்ப் பெயரே அவ்வூரின் தொழிலைச் சொல்லிவிடுகிறது.

1795-இல் ஆவா அரசவைக்குத் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவ்வூரைக் கண்டு எழுதினார். இரண்டாண்டுகள் கழித்து, 1797-இல், காப்டன் ஹைரம் காக்ஸ் வந்தார். வங்காள தேசத்துக் கடற்கரையில் உள்ள காக்ஸ் பஜார் என்னும் ஊர் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எனக்கு இவர்மீது மதிப்பு உண்டானது அந்த ஊரால் அன்று. கிணற்றங்கரையில் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய அவருடைய குறிப்பினால்தான். அரசாங்கக் கணக்கில் பதிவான கிணறுகள் 520 என்று அவர் எழுதினார். தாம் பார்த்த ஒரு கிணற்றின் ஆழம் 37 பாகம் என்றும் குறித்தார். பாகம் ஒன்றுக்கு ஆறடி என்று கொண்டால் 222 அடி ஆகிறது. அமெரிக்காவில் எண்ணெய்க்கென்று முதற்கிணறு துளைக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு இது.

கிணறு ஏறக்குறைய நாலடிச் சதுரம். மண் சரியாமலிருக்க நாற்புறமும் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே கீழே செல்வார்கள். மேலிருந்து பார்த்தால் நீண்ட மரப்பெட்டி ஒன்றை நிலத்தினுள் இறக்கிவைத்தது போலிருக்கும். கிணற்றின் வாயில் ஒரு குறுக்குமரம். அதன்மேல் ஓர் உருளை. உருளையின் வழியாகக் கயிறு உள்ளே போகும். அதன் முனையில் குடம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இருவர் சரிவான தடம் ஒன்றில் கீழ்நோக்கி ஓடுவார்கள். அந்தத் தடத்தின் நீளம் கிணற்றின் ஆழத்துக்குச் சமம். அவர்கள் தடத்தின் கோடியை அடையும்போது குடம் கிணற்றின் வாய்க்கு வந்துவிடும்.

சிறு வயதில் தோட்டத்தில் கவலை இறைப்பதைப் பார்த்து நின்றவன் நான். அதனால் காக்ஸின் குறிப்பைப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நம் கவலையில் மாடுகள் சரிவில் இறங்கும். யெனாஞ்சாங்கில் மனிதர் இறங்கினர். வேறுபாடு அவ்வளவுதான்.

மேலே வந்த குடத்தில் எண்ணெயோடு தண்ணீரும் கலந்திருக்கும். இரண்டையும் ஒரு தொட்டியில் கொட்டிவிடுவார்கள். எண்ணெய் மிதக்கும், நீர் அடியில் தங்கும். தொட்டியின் அடியில் உள்ள சிறு துளையைத் திறந்தால் தண்ணீர் வெளியேறும், எண்ணெய் எஞ்சும். அந்த எண்ணெயில் மெழுகு மிகுதி. குளிர்காலத்தில் வெளிக்காற்றுப் பட்டால் உறைந்துபோகும். கிணற்றின் அடியில் உள்ள வெப்பமே அதனை முகக்கத்தக்க நீர்மமாக வைத்திருந்தது. பிறகு அதனை மண்சாடிகளில் நிரப்பி, வண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் படகுகளில் அனுப்பினார்கள். விளக்கெரிக்கவும், படகுகளுக்கும் வீட்டு மரங்களுக்கும் பூசவும் அது பயன்பட்டது. பனையோலைச் சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பதற்கும் பர்மியர் இந்த எண்ணெயையே தடவினர்.

இதுவரை சொன்னதில் யாரும் கிணற்றுக்குள் இறங்கவில்லை. குடம்தான் போய் வந்தது. ஆனால் அந்தக் கிணற்றைத் தோண்டியவர் யார்? ஊற்று வற்றும்போது அதனை மேலும் ஆழப்படுத்தியவர் யார்? இங்கேதான் நான் முன்பு சொன்ன மூச்சு குறுக்கிடுகிறது.

எண்ணெயினின்று எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே அது குறுகிய கிணற்றின் அடியில் கலையாமல் தங்கிவிடும். கிணறு எண்ணெயை நெருங்க நெருங்க ஆவியும் மிகும். இடுப்பில் கயிறு கட்டி இறக்கப்பட்டவன் அங்கே நிமிடக்கணக்கில் நிற்க முடியாது; நொடிக்கணக்கில்தான் நிற்கலாம். அந்த நொடிகளுக்குள் சில கொத்துக் கொத்தி மண்ணைப் பெயர்க்க வேண்டும். உடனே மேலே உள்ளவர்கள் அவனை இழுத்தெடுப்பார்கள். அவன் கரையில் கிடந்து மூச்சு வாங்கித் தெளிந்தபின் மீண்டும் இறங்குவான். அல்லது அவன் தெளிவதற்குள் வேறொருவன் இறங்குவான்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் ஒருமுறை இறங்கி அரை நிமிடம் கொத்துகிறான், ஒரு நாளில் நாற்பது முறை இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுதும் பாடுபட்டு அவன் உண்மையில் தோண்டியது இருபதே நிமிடம்! இருநூறு அடி ஆழம் என்பது எத்தகைய உழைப்பு என்பது அப்போது விளங்கும்.

வெளிச்சமும் ஒரு துன்பம். அந்த ஆவியில் விளக்கை இறக்கினால் வெடித்துவிடும். எனவே இறங்குகிறவனுடைய கண்களை முன்னதாகவே துணியால் கட்டிவைப்பார்கள். வெயிலில் கூசிய கண், இருட்டுக்குப் பழகுவதற்குச் சில நிமிடம் வேண்டும் அல்லவா? அந்தச் சில நிமிடத்தைக் கிணற்றின் அடியில் செலவிட அவனிடம் மூச்சு இல்லை. ஆகையால் கண்ணை மேலேயே இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு இறங்கினான். பிற்காலத்தில் கண்ணாடி வந்தது. கிணற்றின் வாயில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்துச் சூரிய ஒளியை உள்ளே திருப்புவான். அடியில் உள்ளவன் அந்த ஒளியில் தோண்டுவான். கட்டுப்போட்ட கண்ணுக்கும் கைக்கண்ணாடிக்கும் எந்தப் பொறியியல் நூலிலும் பெரிய இடம் இராது. நானோ அவற்றைப் பெருங்கண்டுபிடிப்புக்களின் வரிசையிலேயே வைப்பேன்.

கடும்பாறை குறுக்கிட்டால் கொத்திப் பயனில்லை. அப்போது கனத்த இரும்புத்துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் வாயில் தொங்கவிட்டுக் கயிற்றை அறுத்துவிடுவார்கள். அது விழுந்த வேகத்தில் பாறை உடையும். பிறகு ஒருவன் இறங்கி அந்த இரும்பில் மறுபடியும் கயிறு கட்டவேண்டும். அவனுக்கும் அதே சில நொடிகள்தாம்.

இவ்வளவு ஆபத்தான தொழிலைக் கண்டவரெல்லாம் செய்துவிட முடியாது; செய்யவும் விடவில்லை. கிணறு தோண்டும் உரிமை இருபத்துநான்கு குடும்பங்களுக்குப் பரம்பரையாக உரியதாக இருந்தது. அவர்களைத் ‘துவின்சா’ என்று அழைத்தார்கள். ‘துவின்’ என்றால் கிணறு. ‘சா’ என்றால் உண்பவர். கிணற்றின் வருவாயை உண்பவர் என்பது கருத்து. உண்டவர் ஒருவர், இறங்கியவர் வேறொருவர் என்பதும் உண்டு. கூலிக்கு இறங்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மிண்டோன் மன்னர் காலத்தில் எண்ணெய் வாணிகம் அரசரின் தனியுரிமை ஆயிற்று. அதே காலத்தில், 1850-களில், இந்த எண்ணெய் கப்பலேறி இலண்டன் சென்று மெழுகுவத்தியாகவும் மாறியது. ஆங்கிலேயர் வீட்டு மேசையில் அமைதியாக எரிந்த வத்திக்குப் பின்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கிய ஒருவன் இருந்தான்.

இனி, பர்மாவை விட்டு அமெரிக்காவுக்குச் செல்வோம். எண்ணெயின் வரலாற்றை 1859-இல் தொடங்குவது நூல்களின் வழக்கம். அவ்வாண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்னும் ஊருக்கருகே, எட்வின் டிரேக் என்பவரின் கிணறு 69½ அடி ஆழத்தில் எண்ணெயைத் தொட்டது. துளைத்தவர் உப்புக் கிணறுகளில் பழகிய வில்லியம் ஸ்மித் என்னும் கொல்லர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. ஆயினும் ஸ்மித் வந்து குழாயினுள் எட்டிப்பார்த்தார். சில அடி ஆழத்திலேயே எண்ணெய் மிதந்தது. மழைநீர் வடியும் தகரக்குழாயில் ஒரு துண்டை எடுத்து, அதன் ஒரு முனையை அடைத்து அகப்பையாக்கி முகந்தார். பிறகுதான் சாதாரணக் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

ஆழம், காக்ஸ் குறித்த கிணற்றின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் டிரேக்கின் புதுமை என்ன? துளை. இரும்புக் குழாயைப் பாறை வரையில் அடித்திறக்கி, அதன் வழியே உளியை ஏற்றி இறக்கிக் குத்தித் துளைத்தார்கள். சில அங்குல அகலமே உள்ள துளையில் மனிதன் இறங்க இயலாது. இறங்க வேண்டியதும் இல்லை. எண்ணெயைக் கண்டவர் டிரேக் அல்லர். மனிதனைக் கிணற்றிலிருந்து வெளியேற்றியவர் என்று அவரைச் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆபத்து முற்றிலும் நீங்கியதென்று எண்ணிவிடாதீர்கள். அவ்வாண்டு அக்டோபரிலேயே ஸ்மித் ஒரு விளக்கோடு எண்ணெய்த் தொட்டியருகே செல்ல, ஆவி பற்றிக்கொண்டு அங்கிருந்த எல்லாம் எரிந்துபோயின.

ஆழமான கிணறுகளுக்குக் கைப்பம்பு போதவில்லை. காற்றின் அழுத்தத்தால் உறிஞ்சும் பம்பு தண்ணீரை ஏறக்குறைய 34 அடிக்குமேல் தூக்காது என்று நீங்கள் பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். எண்ணெய் இலேசானது, இன்னும் சில அடி கூடலாம், அவ்வளவே. எனவே பம்பையே கிணற்றின் அடிக்கு அனுப்பினார்கள். குழாயின் அடியில் உந்துருளையும் வால்வுகளும் இருக்கும். அங்கிருந்து நீண்ட தடிகளை ஒன்றோடொன்று இணைத்து மேலே கொண்டுவந்து, நீராவி இயந்திரம் அசைக்கும் பெருமரத்தில் மாட்டினார்கள். நம் ஏற்றமரம்போல அது ஏறி இறங்கும். துளையிடும்போது உளியைத் தூக்கிய அதே மரம், பின்னர் எண்ணெயையும் தூக்கியது.

மேலடுக்குகளிலிருந்து தண்ணீர் ஒழுகி வந்து எண்ணெயில் கலந்தது இன்னொரு தொல்லை. அதற்கு உப்புக் கிணற்றுக்காரர்களிடம் ஓர் அழகிய உபாயம் இருந்தது. தோல்பையில் உலர்ந்த ஆளிவிதையை நிரப்பி, குழாயைச் சுற்றிக் கட்டி உள்ளே இறக்குவார்கள். நீர் பட்டதும் விதை ஊறிப் பருக்கும். குழாய்க்கும் பாறைக்கும் இடையே இருந்த சந்து இறுக அடைபடும். மேல்நீர் மேலேயே நின்றுவிடும்.

எல்லா நாட்டிலும் பம்பு வென்றது என்று சொல்ல முடியாது. காஸ்பியன் கடற்கரையில் பாக்கு நகரத்து எண்ணெயில் நுண்மணல் மிகுதி. அது பம்பின் வால்வுகளை அரித்துவிடும். அங்கே ஒரு காலத்தில் கையால் தோண்டிய கிணறுகளிலிருந்து தோற்பைகளில் எண்ணெய் இறைத்தார்கள். துளைக்கிணறுகள் வந்தபின்னும் அவர்கள் இறைப்பதை விடவில்லை. அடியில் வால்வு பொருத்திய நீண்ட ஒடுங்கிய குழாயே அவர்களின் வாளி. அது எண்ணெயில் அமிழும்போது வால்வு திறக்கும், தூக்கும்போது மூடிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாக்கு எண்ணெயின் பெரும்பகுதி இவ்வாறே மேலே வந்தது.

மீண்டும் யெனாஞ்சாங்குக்கு வருவோம். 1886-இல் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியது. இயந்திரத் துளைகள் வந்தன. கையால் தோண்டியவர்கள் அன்றே மறைந்துவிடவில்லை. 1890-களில் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த பிரிட்ஸ் நோட்லிங் அவர்கள் தொழிலை நேரில் ஆராய்ந்து விரிவாக எழுதினார். அக்காலத்தில்தான், கடலில் மூழ்குவோர் அணியும் உலோகத் தலைக்கவசம் அந்த வறண்ட மேட்டுக்கு வந்தது. மேலிருந்து ஒருவன் காற்றை அடித்து அனுப்ப, குழாய் வழியாக அது கவசத்துக்குள் செல்லும். தலைமுறை தலைமுறையாக நொடிகளை எண்ணி இறங்கியவர்கள் முதன்முறையாகக் கிணற்றின் அடியில் நின்று நிதானமாக மூச்சுவிட்டார்கள். அதனால் முன்னோர் எட்டாத ஆழங்களையும் எட்டினார்கள்.

ஆனால் கவசம் காலந்தாழ்த்து வந்தது. பக்கத்திலேயே இயந்திரத் துளைகள் அதைவிட ஆழத்திலிருந்து எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தன. துவின்சாக்கள் பலர் தங்கள் கிணற்று மனைகளைக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பிரிட்டிஷார் யெனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே தகர்த்துத் தீயிட்டுப் பின்வாங்கினர்.

2010-களில் அதே மக்வே வட்டாரத்தில் ஏழை மக்கள் மரக்கால்களை முக்காலிபோல நட்டு, சிறு எஞ்சினை வைத்துத் தாங்களாகவே எண்ணெய் எடுக்கலானார்கள். கயிறும் உருளையும் அங்கே திரும்பிவிட்டன. கிணற்றின் வாய் மட்டும் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதில் ஆள் இறங்க இடமில்லை.